இரண்டு கண்ணையும் ஒருசேரப் பார்க்கும் வேலை

பிறந்த குழந்தைகள் வார்டில் எடை பார்ப்பது, இதயத் துடிப்பு கேட்பது, இடுப்பு மூட்டை விரித்துப் பார்ப்பது எனப் பல வேலைகளுக்கு நடுவே, குழந்தை கண்ணைத் திறந்துவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை ஒன்று உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் ஆப்தல்மாஸ்கோப் என்ற கருவியைத் தன் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஏறக்குறைய ஒன்றரை அடி தள்ளி இருந்தபடி குழந்தையின் இரண்டு கண்மணிகளையும் பார்க்கிறார் செவிலியர். கண்ணுக்குள்ளிருந்து திரும்பி வரும் சிவந்த ஒளியைப் பார்ப்பதால் வார்டில் இதற்கு 'ரெட் ரிஃப்ளெக்ஸ்' என்று பெயர். கருவி அலமாரியில் இருக்கிறது, படிவத்தில் டிக் விழுந்திருக்கிறது, அதனால் சோதனை நடந்துவிட்டது என்று கருதும் நிர்வாகங்கள் உண்டு. அது தவறு என்றே நினைக்கிறேன். இந்தச் சோதனையின் பலன் பார்ப்பவரின் பழக்கத்தையும், அதைத் திரும்பச் செய்வதையும், சந்தேகம் வந்தால் குழந்தை எங்கே போகிறது என்பதையும் பொறுத்தது.

சாதாரணமாக நாம் பார்க்கும்போது கண்மணி கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே போகும் வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. அந்த வழியில் நம் கண்ணை வைத்தால் நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒளியையும் பார்வையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவருடைய ஆப்தல்மாஸ்கோப் 1851இல் வெளிவந்தது. கையில் இருக்கும் டார்ச்சை அடித்துப் பார்ப்பது இந்தச் சோதனைக்கு மாற்றாகாததற்கு இதுவே காரணம். டார்ச்சில் கருவிழியின் மேலுள்ள வெண்மை தெரியலாம், உள்ளிருந்து வரும் ஒளி தெரியாது. தேர்ந்த செவிலியர் குழந்தையின் இமையை வலிந்து பிரிப்பதில்லை. பால் குடித்து அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, நிமிர்த்திப் பிடித்து லேசாகச் சாய்க்கிறார். மங்கிய வெளிச்சத்தில் குழந்தை தானாகக் கண்ணைத் திறக்கிறது. அந்தச் சில நொடிகளில் இரண்டு கண்களையும் ஒரே ஒளிவட்டத்துக்குள் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். இப்படி ஒருசேர ஒப்பிடுவதன் பயனை 1962இல் எடுத்துக்காட்டியவர் ப்ரூக்னர் என்ற கண் மருத்துவர். ஒப்பிடுவதுதான் இதில் உயிர்நாடி. ஏனென்றால் 'சிவப்பு' என்று பெயர் இருந்தாலும் நம் ஊர்க் குழந்தைகளின் கண்ணில் நிறமி அதிகம். ஒளி ஆரஞ்சாகவோ மங்கிய மஞ்சளாகவோ வரலாம். பாடப்புத்தகப் படத்தின் சிவப்பைத் தேடுகிறவர் நல்ல கண்ணைச் சந்தேகிப்பார். இரண்டு கண்ணிலும் நிறமும் பிரகாசமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, நடுவே நிழல் உண்டா என்று கேட்கிறவர் ஏமாறுவது குறைவு.

விடையைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். கரும்புள்ளியோ நிழலோ தெரிந்தால், அல்லது ஒளியே வராவிட்டால், வழியில் ஏதோ மறிக்கிறது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம். வெள்ளையாக ஒளிர்ந்தால் கண்புரை, விழித்திரை விலகல் ஆகியவற்றோடு ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். ஒரு கண் மட்டும் கூடுதலாக மின்னினால் மாறுகண்ணோ, இரு கண்களின் பவரில் வேறுபாடோ இருக்கலாம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் வீடுகளில் ஒரு கண்ணின் பார்வை சத்தமில்லாமல் மங்கிப்போகிறது. இவற்றில் எதுவும் நோய் இன்னது என்ற தீர்ப்பு ஆகாது. கண்மணியை விரித்து முழுதாகப் பார்க்கும் இடத்துக்குக் குழந்தையை அனுப்ப வேண்டும் என்பதே பொருள்.

இந்தச் சோதனை பலதைத் தவறவிடுகிறதே என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான். விழித்திரையின் ஓரத்தில் இருக்கும் சிறு கட்டி இதில் தப்பிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் முற்றிய பிறகே இதில் தெரியும். ஆகவே 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 'ரெட் ரிஃப்ளெக்ஸ் நார்மல்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. 30 நாட்களுக்குள் அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும், மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. ஆனால் இந்த ஆட்சேபம் சோதனையைக் கைவிடச் சொல்லும் காரணம் ஆகாது, திரும்பச் செய்யச் சொல்லும் காரணமே. பார்வையை மறைக்கும் கண்புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் எடுத்துவிட வேண்டும், ஆகவே பிறந்தவுடன் பார்ப்பது அவசியம். புற்றுநோய்க் கட்டியோ பிறகு வளர்ந்து தெரியக்கூடியது, ஆகவே ஒருமுறை பார்த்தது போதாது. பிரிட்டனில் பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 6 முதல் 8 வாரத்தில் மறுமுறை பார்க்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியர்களும் முதல் சோதனையைச் செய்கிறார்கள். மருத்துவர் மட்டுமே செய்யலாம் என்ற வாதத்துக்கு அதுவே பதில். வீண் பயம் கிளம்பும் என்பது இன்னொரு குறை. வீணாகப் போன ஒரு பயணத்தின் செலவையும் காலம் கடந்து தெரிந்த கட்டியின் விலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ரெட்டினோபிளாஸ்டோமா பற்றி 2020இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று 4,351 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தது. நோய் கண்டறியப்பட்ட இடைநிலை வயது பணக்கார நாடுகளில் சுமார் 14 மாதம், ஏழை நாடுகளில் சுமார் 30 மாதம். கண்ணைத் தாண்டி நோய் பரவியிருந்தவர்கள் முன்னதில் 1.5 சதவீதம், பின்னதில் 49 சதவீதம்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்க்லைட் போன்ற, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் மலிவான கருவிகள் வந்துவிட்டன. தேவைப்படுவது இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, செவிலியருக்கு அவசரமில்லாத சில நிமிடங்கள், அவர் சந்தேகப்பட்டு அனுப்பும் குழந்தையைத் திருப்பி அனுப்பாத ஒரு கண் மருத்துவமனை. ஒன்றரை மாத ஊசிக்கு வராத குழந்தை நம் ஊரில் குறைவு. அன்றைக்கே கண்ணையும் பார்த்துவிடலாம். ஊசி போடக் குழந்தையைத் தூக்கிப்போகும் பெற்றோரே, 'கண்ணுக்கு ரெட் ரிஃப்ளெக்ஸ் பார்த்தீங்களா?' என்று கேளுங்கள். சந்தேகம் என்று சொன்னால், அல்லது ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் மீண்டும் மீண்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அடுத்த ஊசித் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.