கிணற்றடியிற் பொறியியல்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த சில நாட்களிலேயே யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது. கணிதத்தில் 'ஏ' சித்தி பெற்ற பிள்ளை 'இஞ்சினியருக்குப்' படிக்க வேண்டும். தீர்ப்பு வழங்கும் தந்தையோ அதனை ஏற்கும் பிள்ளையோ, பொறியியலாளர் ஒருவர் காலை முதல் மாலை வரை செய்யும் வேலை யாதென உசாவுவது அரிது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் மூன்று பாடங்களும் இசட் புள்ளி என்னும் ஓர் எண்ணுமே அவர்கள் அறிந்த பொறியியல்.

பாடசாலைகளில் நடைபெறும் தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளும் இக்குறையைப் பெரிதும் நீக்குவதில்லை. பேராதனை, மொரட்டுவை, கிளிநொச்சி அறிவியல் நகர் முதலிய இடங்களிலுள்ள பீடங்களின் பெயர்களும் வெட்டுப்புள்ளிகளும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. மாணவரும் குறித்துக்கொள்கின்றனர். அனுமதி பெறும் வழி விளக்கப்படுகின்றது, தொழில் விளக்கப்படுவதில்லை. 1970களில் தரப்படுத்தல் வந்த காலந்தொட்டுப் புள்ளியே பேச்சாகிவிட்ட சமுதாயத்தில் இது வியப்பன்று. ஆயினும், பதினாறு வயதுப் பிள்ளை தன் வாழ்நாளை ஒப்படைக்கவிருப்பது புள்ளியிடமன்று, தொழிலிடமே.

குடாநாட்டு மாணவருக்குப் பொறியியலை அறிமுகஞ் செய்யத் தொலைதூர அதிசயங்கள் எவையும் வேண்டுவதில்லை. வீட்டுக் கிணறே போதும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இம்மண்ணில், மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையுட் புகுந்து, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே இயந்திரம் வைத்து அளவுக்கு மீறி இறைக்குமிடத்து, மேலே நீர் சிறிது இறங்க, கீழே உவர் பன்மடங்கு ஏறும். பரீட்சைக்கென மனனஞ் செய்த ஆக்கிமிடிசின் தத்துவம் இங்கே தோட்டக்காரனின் வெங்காயப் பாத்தியிற் புகுந்து நிற்பதைக் காணலாம்.

இந்நிலைக்குப் பரிகாரந் தேடியவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954ஆம் ஆண்டில் அவர் முன்வைத்த 'யாழ்ப்பாணத்திற்கோர் ஆறு' என்னும் திட்டம், கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் களப்பில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்பிற்குக் கொணர்வதாகும். நில அளவை, மண்ணின் தன்மை, அணையின் பலம், செலவு ஆகியன யாவும் அதனுள் அடங்கும். களப்பு நன்னீரானால் இறால் பிடிப்போர் யாது செய்வர் என்னும் வினாவும் அடங்கும். அவ்வினாவிற்குச் சூத்திரப் புத்தகத்தில் விடையில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் அத்திட்டம் முழுமை பெற்றிருக்கவில்லை என்பதையும் மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. வரைபடத்திற்கும் வாய்க்காலுக்கும் இடையிற் கிடக்கும் தூரமும் இத்தொழிலின் பகுதியே.

வடமராட்சிப் பாடசாலைகள் பலவற்றிலிருந்து தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்குத் துவிச்சக்கர வண்டியிலேயே போய்வரலாம். மண்டபத்திற் கழியும் அரைநாளை அங்கே கழிக்கட்டும். உப்புக்காற்றில் இரும்புக் கதவு எத்தனை ஆண்டு தாங்கும், மாரியில் அதனை எப்போது திறப்பது, திறக்கப் பிந்தினால் எவர் வயல் மூழ்கும் என்று ஒரு பொறியியலாளர் அவர்களைக் கேட்கட்டும். சிலர் கதவருகே குனிந்து பார்ப்பர். சிலருக்கு அங்கு நிற்பதே அலுத்துவிடும். அவ்வாறு அலுத்தவர் வேறு துறையை நாடுவதற்கு அப்போது காலம் கடந்திராது.