மலையைச் செதுக்கிய கைகள்

ஆப்பிரிக்கக் கண்டத்திலே, எத்தியோப்பிய நாட்டின் வட மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் லாலிபெலா என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பதினொரு கிறிஸ்தவ ஆலயங்களும் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டப்பட்டவை அல்ல. பாறையையே வெட்டி உருவாக்கப்பட்டவை. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த லாலிபெலா மன்னரின் பணியாக மரபு இவற்றைப் போற்றுகிறது. சிலுவை வடிவான புனித ஜார்ஜியார் ஆலயத்தை நாடிச் செல்பவர் முதலில் காண்பது அதன் கூரையைத்தான். ஆலயமோ காலடியில் ஆழ்ந்த பள்ளத்தினுள் நிற்கிறது. சுற்றுமலைகளிலுள்ள ஆலயங்களுக்குக் கோவேறு கழுதைகளின் துணையோடு யாத்திரிகர் ஏறுகின்றனர். 1520-களில் இவற்றைக் கண்ட போர்ச்சுக்கீசியக் குரு பிரான்சிஸ்கோ ஆல்வாரஸ், தம் சொல்லை உலகம் நம்பாதோ என்றஞ்சி, எழுதியதெல்லாம் உண்மையே என்று ஆணையிட்டுக் கூறினார். 1978-இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அவ்வளவு தொலைவு செல்லும் வாய்ப்பு நம் பங்குக் குடும்பங்களில் எத்தனை பேருக்குக் கிட்டும்? ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. லாலிபெலாவுக்கு நானூறு ஆண்டுகள் முன்னரே, அதே முறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்ட கோயில் ஒன்று நம் அண்டையிலேயே உள்ளது. அதுவே கழுகுமலையின் வெட்டுவான் கோயில்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை, திருவேங்கடம் வழியாகச் செல்லலாம். இரயிலில் வருவோர் கோவில்பட்டியில் இறங்கி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்தில் செல்லலாம். வழியெங்கும் கரிசல் காடு. இடையிடையே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பட்டாசு ஆலைக் கொட்டகைகள். வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வுகள், இம்மண்ணில் பண்டு சங்கு வளையலும் மணிகளும் செய்த கைவினைஞர் வாழ்ந்ததைக் காட்டியுள்ளன. கை உழைப்பு இப்பகுதிக்குப் புதிதன்று.

கழுகுமலையில் ஏறுவதற்குக் கோவேறு கழுதை தேவையில்லை, படிகள் உண்டு. வெயில் ஏறுமுன் காலையிலேயே புறப்படுவது நன்று. 8-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில், சிற்பிகள் இம்மலையின் ஒரு பக்கத்தை ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு அகழ்ந்தெடுத்து, நடுவில் விட்ட பாறையை ஒற்றைக் கற்கோயிலாக வடித்தனர். சிகரம் முதலில், அடித்தளம் இறுதியில் என்பதே வேலையின் ஒழுங்கு. ஆதலால் சாரம் கட்ட வேண்டிய தேவை குறைவு. ஆனால் ஒரு தவறான உளிவீச்சு விழுந்தால் மாற்றுக் கல் வைக்க வழியில்லை. உமையொருபாகன் உமையோடு அமர்ந்த கோலமும், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் கருங்கல்லில் உயிரோடு விளங்குகின்றன. கீழ்ப்பகுதியோ முற்றுப்பெறவில்லை. மகனின் திறமை கண்டு பொறாமையுற்ற தந்தைச் சிற்பி அவனைக் கொன்றதால் வேலை நின்றது என்பது ஊரார் சொல்லும் கதை. அது கதையே, எனினும் கேட்கும் பெற்றோருக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

அதே மலையில், பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களும் அவற்றில் குறிக்கப்படுகின்றனர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஆசான்களாய் மதிக்கப்பட்டதை நம் பெண் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மலையடியில் முருகன் குடைவரைக் கோயில். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இம்முருகன் மீதுதான்.

ஊருக்குள் இறங்கும்போது நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. தேர் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுள் பலர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்குக் கத்தோலிக்க மறையைத் தழுவினர். பகை முற்றி 1895-இல் கலவரம் மூண்டது. இருபுறமும் உயிர்கள் பலியாயின. சமணமும் சைவமும் ஒரே பாறையில் இடம் பெற்ற ஊரில், ஒரு வீதியைப் பகிர்ந்துகொள்ள மனிதரால் இயலவில்லையே! பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. அப்போதனையை ஏட்டில் படிப்பதைவிட இம்மலையில் நின்று எண்ணிப் பார்ப்பது சிறந்தது. எத்தியோப்பியரும் இதே துயரை அறிவர்: 2021-இல் உள்நாட்டுப் போரில் லாலிபெலா ஒரு படையினரின் கையிலிருந்து மறுபடையினரின் கைக்குப் பன்முறை மாறியது.

இன்னும் ஒரு சிந்தனை. வெட்டுவான் கோயில் சிற்பிகளின் பெயர் எவருக்கும் தெரியாது. நம் ஊர்களில் மருந்து அடைத்துத் திரி பொருத்தும் கைகளின் பெயரும் பட்டாசுப் பெட்டியில் அச்சிடப்படுவதில்லை. உளி தவறினால் சிற்பிக்குக் கல் பாழாயிற்று. இங்கே ஓர் உராய்வு தவறினால் உயிரே போகிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறப்பர்? அவசரமும் அளவுக்கு மீறிய ஆட்சேர்ப்பும் ஆபத்தைப் பெருக்குகின்றன. அந்தக் கோயிலை அவசரம் செதுக்கியிராது என்பதை ஆலை நடத்துவோரும் பணிபுரிவோரும் உணர்வது நலம்.

ஆகவே, வரும் விடுமுறையில் குடும்பமாய்ச் சென்று வாருங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள், சிற்பங்களைத் தொடாதீர்கள், பாறையில் பெயர் கிறுக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் கண்டியுங்கள். பிறர் வழிபடும் இடத்தில் காலணி கழற்றி அமைதி காப்பது நம் கடமை. திரும்பும் வழியில் காமநாயக்கன்பட்டி விண்ணேற்பு அன்னை ஆலயத்திலும் சற்று நேரம் முழங்காலிடுங்கள். புனித அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த பழம்பெரும் தலம் அது. அங்கே, கரிசல் மண்ணில் அன்றாடம் உழைக்கும் எல்லாச் சமயத்தாரின் கைகளுக்காகவும் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள்.