நிரப்பிய வட்டம், வெறும் வட்டம்

அருமனைப் பக்கம் ரப்பர் மரத்தில் கத்தி வைக்கலாமா என்று முடிவு செய்ய யாரும் மரத்தின் வயதைக் கேட்பதில்லை, டேப்பை எடுக்கிறார்கள். ஒட்டுக்கன்று வைத்து வளர்த்த மரமானால், ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் தேற வேண்டும். தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரமாவது அப்படித் தேறினால் பால்வெட்டைத் தொடங்கலாம் என்பது ரப்பர் வாரியத்தின் கணக்கு. 49 என்றால் பொறுத்திருக்க வேண்டியதுதான். 53 ஆனாலும் சரி, 70 ஆனாலும் சரி, வெட்டலாம். கச்சிதமாக 50 என்றால்? அதையும் வெட்டலாம். அசமன்பாடு சொல்லிக்கொடுக்கும்போது நான் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தே பதில் தெரிந்திருக்கும்.

பிள்ளைகளுக்குச் சமன்பாடு பிடிக்கும். மல்லுக்கட்டி அ = 4 என்று கொண்டுவந்துவிட்டால், சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். அசமன்பாட்டில் விடை அப்படிக் கட்டத்துக்குள் அடங்காது. எண்கோட்டில் 50-லிருந்து வலப்பக்கம் முழுக்கக் கறுப்படித்து முனையில் அம்புக்குறி போட்டால், "இதுல விடை எது சாரே?" என்பார்கள். இத்தனையும் விடைதான் மக்களே என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு கேள்விக்கு இவ்வளவு விடை இருந்தால் அது என்ன கணக்கு என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்.

அடுத்து, ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைப்புரை. அடித்த ஷீட்டைத் தண்ணீர் வடியவிட்டு உள்ளே தொங்கவிட்டபின் சூடு 40 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. 60-ஐத் தாண்டவும் கூடாது. குறைந்தால் காய நாளாகும், பூசணம் பிடிக்கும். கூடினால் ஷீட்டில் குமிழ் விழும், தரம் இறங்கும், கடைக்காரர் விலையை அடிப்பார். ஒரே எண்ணுக்கு இரண்டு பக்கமும் காவல். சூட்டை சூ என்று வைத்தால் 40 ≤ சூ ≤ 60. 'மற்றும்' என்று சேரும் இரண்டு நிபந்தனையை ஒரே வரியில் எழுதியாயிற்று. புத்தகம் இதைத்தான் கூட்டு அசமன்பாடு என்கிறது.

தீர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. −3 < 2அ + 1 ≤ 7 என்று இருந்தால், மூன்று இடத்திலும் 1-ஐக் கழிக்க வேண்டும்: −4 < 2அ ≤ 6. மூன்றையும் 2-ஆல் வகுக்க வேண்டும்: −2 < அ ≤ 3. எண்கோட்டில் −2-ன் மேல் வெறும் வட்டம், 3-ன் மேல் நிரப்பிய வட்டம், நடுவே கறுப்புக் கோடு. நடுவிலும் வலப்பக்கமும் கழித்துவிட்டு இடப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. இரண்டு மூன்று கணக்குப் போட்டால் அது சரியாகிவிடும்.

குறை எண் வரும்போதுதான் இடறுகிறது. 1 ≤ 5 − 2அ < 9. மூன்றிலும் 5-ஐக் கழித்தால் −4 ≤ −2அ < 4. இனி −2-ஆல் வகுக்கும்போது குறிகள் திரும்பி 2 ≥ அ > −2 ஆகும். ஏன் திரும்புகிறது என்பதற்கு நான் கடனைச் சொல்வேன்: இரண்டு ரூபாய் ஐந்து ரூபாயைவிடக் குறைவு, ஆனால் இரண்டு ரூபாய் கடன் வைத்திருப்பவர், ஐந்து ரூபாய் கடன் வைத்திருப்பவரைவிட வசதியானவர். இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்காமல் போவது வேறொன்று. கேள்வியில் 'சமம்' ஒட்டியிருந்தது இடப்பக்கக் குறியில். சிறியதிலிருந்து பெரியதாக −2 < அ ≤ 2 என்று மாற்றி எழுதும்போது அது வலப்பக்கம் போய்விடுகிறது. வட்டத்தை நிரப்ப வேண்டியது எந்த முனையில் என்று கேட்டால், கேள்வித்தாளைப் பார்த்து இடது முனை என்கிறார்கள். குறி திரும்பியதைக் கவனித்த கண், அதோடு சேர்ந்து சமமும் இடம் மாறியதைக் கவனிப்பதில்லை.

'அல்லது' வேறு சாதி. அ < 2 அல்லது அ > 5. இதற்கு நடுவில் வெள்ளையாக விட்டு இரண்டு பக்கமும் அம்பு போட வேண்டும். ஆனால் ஒற்றை வரி எழுதிப் பழகிய கை, இதையும் சுருக்கி 5 < அ < 2 என்று எழுதிவிடும். அப்படி எழுதிய பையனிடம், நீ எழுதியதை வாசித்து ஒரு எண் சொல் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அஞ்சுக்கு மேலயும் ரெண்டுக்குக் கீழயும் எப்பிடி சாரே ஒரு நம்பர் கெடக்கும்?" என்றான். கிடக்காதுதான். முடிவில்லாமல் எண்கள் இருந்த விடை, ஒரு சுருக்கத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

வட்டத்தை நிரப்புவதா வேண்டாமா என்பதை மதிப்பெண் சமாச்சாரமாக மட்டும் நினைப்பவர்களுக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைக் காட்டலாம். 1986-ல் வந்த சட்டம். 2016-ல் திருத்தியபோது, 14 வயது முடிந்து 18 முடியாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியே வைத்தார்கள். வயது வ என்றால் 14 ≤ வ < 18. இடது முனை நிரப்பியது, வலது முனை வெறுமை. பதினான்குக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் உண்டு. இந்தக் கோட்டுக்குள் இருப்பவர்களை ஆபத்தான தொழிலில் விடக்கூடாது. விடியற்காலை அப்பாவோடு பால் எடுக்கப் போய்விட்டு வகுப்பில் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புத்தகக் கணக்கு இல்லை. "பொறந்தநாள் அன்னைக்கு எந்தப் பக்கம் சாரே?" என்ற கேள்வி உடனே வந்தது. 14-ன் மேல் நிரப்பிய வட்டம் என்பதால் அன்றைக்கே கோட்டுக்குள் வந்துவிடுவாய்.

இந்தச் 'சமமும் சேர்த்தி' விவகாரம் கணித உலகத்துக்கே தாமதமாகத்தான் வந்தது. சமக்குறியை வேல்ஸின் ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் அச்சில் போட்டார். <, > இரண்டும் தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631-ல் வந்தன. ஹாரியட் இறந்து அப்போது பத்து வருஷம். அடியில் சமத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம், பிரான்சின் பியர் பூகே 1734-ல் கொண்டுவந்தது. பெரிது, சிறிது என்று எழுதத் தெரிந்தபிறகு, எல்லையும் உள்ளேதான் என்று ஒரே குறியில் எழுத இன்னும் நூறு வருஷம். என் பிள்ளைகள் ஒரு பருவத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் மோசமில்லை.

இந்த முறை அணைத் தண்ணீரைக் கணக்காகக் கொடுத்தேன். முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்று பிள்ளைகளுக்குப் பேப்பர் பார்த்தே மனப்பாடம். பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 1-ல் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். ஜனவரி 1, டிசம்பர் 12 என்று மாதத்துக்கு எண் வைத்துத் தண்ணீர் ஓடும் மாதங்களை எழுதச் சொன்னேன். பலரும் 6 ≤ ம ≤ 2 என்று எழுதி, முன்பு பார்த்த அதே பள்ளத்தில் விழுந்தார்கள். சரியான விடை ம ≤ 2 அல்லது ம ≥ 6.

ஒரு மாணவிக்கு மட்டும் திருப்தியில்லை. தண்ணீர் ஒரே ஓட்டமாகத்தானே ஓடுகிறது, கோடு ஏன் இரண்டாகிறது என்றாள். சித்திரையிலிருந்து வருஷத்தை எண்ணிப் பார் என்றேன். வைகாசியில் தொடங்கி மாசியில் முடிந்து, உடையாத ஒரே கோடாக வந்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், வீட்டுப் பழைய பத்திரத்தில் இருக்கிற கொல்லம் ஆண்டு வைத்தால் என்ன ஆகும் என்றான். அது ஆவணியில் பிறப்பது. திரும்பவும் இரண்டு துண்டு. 'மற்றும்', 'அல்லது' என்று நான் கறாராகப் பிரித்து வைத்திருந்தது, வருஷத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து இடம் மாறியது. அப்படியானால் எந்தெந்த மாதத்தின் முதல் தேதியில் தொடங்கினால் கோடு உடையாது என்று கேட்டேன். அந்த மாணவியே பலகைக்கு வந்து 3 ≤ ம ≤ 6 என்று எழுதி, இரண்டு முனையிலும் வட்டத்தை நிரப்பி, நடுவில் கறுப்படித்தாள். மூன்றரையாவது மாதத்துக்கு ஏது முதல் தேதி என்று கேட்டதும் கோட்டை அழித்துவிட்டு நான்கு புள்ளி வைத்தாள்.