வழக்கும் சமரசமும்

உடன்பிறந்தார்க்குத் துன்பம் நேருங்கால் யாம் கூறும் ஆலோசனை, பெரும்பாலும் எம் கோபத்தின் குரலாகவே அமைந்துவிடுகின்றது. இவ்வுண்மையைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் தங்கையினிடத்தே கற்றோம்.

அவள் கணவரைப் பிரிந்து, ஈராண்டுக்கு மேலாகத் தன் மகனுடன் எம் இல்லத்தே வாழ்ந்து வந்தாள். போதகரும் பெரியோரும் பன்முறை முயன்றும் இருவரும் கூடி வாழ்தல் இயலாதாயிற்று. மகனுடைய பராமரிப்பிற்காக அவள் அளித்த விண்ணப்பம் குடும்ப நீதிமன்றத்தில் இருந்தது. நீதிபதி இருவரையும் சமரசத்திற்கு அனுப்பக் கருதினார். யாமோ, "விவாகரத்து வழக்குத் தொடு, அவர் செய்தவற்றை உலகம் அறியட்டும்" என்று வற்புறுத்தினோம். அவள் அமைதியாக, "அண்ணா, நான் வென்றாலும், தகப்பனாரைச் சாட்சிக்கூண்டில் நிறுத்தியவள் தாய் என்பதைப் பிள்ளை மறப்பானோ?" என்றாள். யாம் விடையின்றி நின்றோம்.

கிறிஸ்தவ விவாகங்களுக்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் குற்றத்தை நாட்டினாலன்றி விடுதலை தந்ததில்லை. மனைவியானவள் கணவனுடைய ஒழுக்கக்கேட்டோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே, இருவரும் ஒருமனப்பட்டு விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தைச் சார்ந்த சமரச மையம் 2005ஆம் ஆண்டில் தோன்றியது.

சமரசர் தீர்ப்புக் கூறுபவரல்லர். இருவரையும் சேர்த்தும் தனித்தனியேயும் கேட்பார். அங்குப் பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கலாகாது. ஐந்து அமர்வுகள் நடந்தன. யாம் வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். நகையும் பள்ளிச் சம்பளமும் இரண்டு நாளில் முடிந்தன. கிறிஸ்துமஸ் தினத்தில் மகன் எவரிடம் இருப்பது என்பதிலேயே எல்லாம் முறியும்போலாயிற்று. அப்பொழுது சமரசர், "அன்று பையன் எதனை விரும்புவான்?" என்று வினவினாராம். காலை ஆராதனைக்குத் தாயுடன் செல்வதும், மாலை தகப்பனாரைப் பெற்ற பாட்டியிடம் இருப்பதுமே அவன் வழக்கம். அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டனர். பின்னர்க் கூட்டு விண்ணப்பம் அளித்து, சட்டம் கூறும் ஆறு திங்கள் காத்திருந்து தீர்ப்புப் பெற்றனர். சமரசம் எத்துணைச் சிறந்ததாயினும், விவாகத்தைக் கலைக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உரியது.

இதனால் எல்லார்க்கும் சமரசமே தக்கது என்று யாம் கூறவில்லை. அடிக்கு அஞ்சி ஒடுங்கியவள் மேசைக்கு எதிரே அமர்ந்து கூறும் சம்மதம் சம்மதமாகாது. அத்தகையாளுக்குக் காப்பளிப்பது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் நீதிபதியின் ஆணையுமேயாம். பொருளை மறைப்பவனிடத்துக் கணக்குக் கேட்கவும் நீதிமன்றத்தின் வலிமை வேண்டும். சமரசம் கைகூடாவிடின் வழக்கின் வாயில் அடைபடுவதுமில்லை. எனவே, இருவரும் அச்சமின்றி உண்மை பேசக் கூடுமா என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

எதிராளியோடு வழியிலேயே ஒப்புரவாகுமாறு மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கற்பித்ததை யாம் இக்கல்லூரி வேத வகுப்பிலே கேட்டிருந்தோம். பொருளை உணர்ந்ததோ பின்னர்த்தான். சென்ற கிறிஸ்துமஸ் அன்று மாலை, மகனை அழைத்துச் செல்ல அவர் எம் வாயிலில் வந்து நின்றார். யாம் நாற்காலி இட்டோம்; அவர் அமர்ந்தார். எம் சொற்படி நடந்திருப்பின் அந்நாற்காலிக்கு இடமிராது.