மீஞ்சூர் வயலில் மணிக்குப் புதுப் பாடம்

சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால், ஜன்னலோரக் காட்சி நிலையத்துக்கு நிலையம் மாறும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் சரக்கு ரயில் பாதைகளும் நெருக்கமான வீடுகளும். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் ஆலைகள். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம்... அடுத்தது மீஞ்சூர்.

ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் கோயில் கொண்டிருப்பதால் மீஞ்சூருக்கு ‘வட காஞ்சி’ என்றொரு பெயர் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரை ஞாபகப்படுத்துவது தண்ணீர்தான். 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் திறனுள்ள ஆலையை எல்லோரும் ‘மீஞ்சூர் ஆலை’ என்றே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் சென்னைக்கு நல்ல தண்ணீர் தந்ததே இந்தப் பக்கத்துக் கிணறுகள்தான். இறைத்து இறைத்து, நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது.

2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்று அது காமராஜர் துறைமுகம். பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம். வண்டலூரிலிருந்து 62 கிலோமீட்டர் ஓடி வரும் வெளிவட்டச் சாலை முடிவதும் மீஞ்சூரில்தான். எனவே இரவு பகலாக கன்டெய்னர் லாரிகள். லாரி ஷெட், குடோன், யார்டு என்று எங்கு பார்த்தாலும் கேட். ஒவ்வொரு கேட்டிலும் சங்கிலியில் ஒரு நாய்.

எங்கள் மணியும் அப்படி ஒரு கேட்டில் இருந்தவன்தான். ஜெர்மன் ஷெப்பர்ட். ஆறு வருடம் ஒரு லாரி ஷெட்டில் காவல். ஷெட்டை மூடியதும் வேலை போயிற்று, சோறும் போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தபோது வயது ஏழை நெருங்கியிருந்தது. அவிழ்த்துவிட்டாலும் சங்கிலி எட்டும் தூரத்துக்குள்ளேயே நடப்பான். அதைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டான். அவனுக்கு ஒரு வேலை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதைப் பார்த்துத்தான்.

வேலை நாய்களுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஜெர்மனியில் 1899-ல் ஷெப்பர்ட் நாய்களுக்கான சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளில் பிறந்தது. ‘ஷுட்ஸ்ஹுண்ட்’ என்பது பழைய பெயர். காவல் நாய் என்று அர்த்தம். 2019 முதல் ‘ஐ.ஜி.பி.’ என்கிறார்கள். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். முதலாவது, ஒருவர் நடந்துபோன தடத்தை மோப்பம் பிடித்துத் தொடர்வது. இரண்டாவது, கீழ்ப்படிதல். சொன்னபடி நடக்க, உட்கார, தடை தாண்டி டம்பெல் எடுத்து வர வேண்டும். மூன்றாவது, காவல். ஒளிந்திருக்கும் ஆளைக் கண்டுபிடித்துக் குரைக்க வேண்டும், அவர் தாக்கினால் கைக்கவசத்தைக் கவ்வ வேண்டும், ‘விடு’ என்ற அடுத்த நொடி விட வேண்டும். கடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டமான பாடம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனின் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து நின்ற நாய் என்கிறது கல்வெட்டு.

“ஏம்மா, இந்த வயசுல இதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நியாயமான கேள்விதான். இந்த விளையாட்டில் பெரும்பாலானோர் குட்டியிலேயே தொடங்கிவிடுவார்கள். முதல் நிலைத் தேர்வெழுத 18 மாதம் ஆனால் போதும். ஷெப்பர்ட் நாயின் ஆயுள் பொதுவாக 9 முதல் 13 வருடம். மணிக்குப் பாதி நாள் போய்விட்டது. ஆனால் விதியில் குறைந்தபட்ச வயதுதான் இருக்கிறது, அதிகபட்ச வயது இல்லை.

முதல் வேலையாக வேப்பேரிக்கு அழைத்துப் போனோம். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: “நடக்கட்டும், நல்லது. குதிக்க விடாதீங்க.”

அந்த ஒரு வார்த்தையில் இரண்டு பகுதி கழன்றுவிட்டது. கீழ்ப்படிதலில் சுமார் ஒரு மீட்டர் உயரத் தடையைத் தாண்ட வேண்டும், சாய்பலகை ஏறி இறங்க வேண்டும். காவல் பகுதியில் பாய்ந்து கவ்வ வேண்டும். இரண்டுமே பின்னங்காலுக்கு ஆகாது. மிச்சம் இருப்பது மோப்பம். அதற்குக் குதிக்க வேண்டாம், ஓட வேண்டாம். மெதுவாகப் போகிற நாய்க்குத்தான் அதில் மதிப்பு. மோப்பத்துக்கு மட்டும் தனித் தேர்வும் உண்டு.

அதற்கு மீஞ்சூரைப் போல இடம் கிடைப்பது அபூர்வம். ஊரைத் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் போனால் இன்னும் வயல் இருக்கிறது. தை அறுவடை முடிந்த நிலத்தில், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, காலை ஐந்தரைக்கெல்லாம் இறங்கிவிடுவோம். பனி ஈரம் இருக்கும்போது வாசனை மண்ணில் தங்கும். வெயில் ஏறினால் அது போய்விடும். நாய்க்கும் ஆகாது. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. சித்திரை மாதத்தில் ஏழு மணிக்கே மூட்டை கட்டிவிட வேண்டும்.

பாடம் இப்படி. முதலில் ஒரு சதுர இடத்தைக் காலால் நன்றாக மிதித்து, உள்ளே வேகவைத்த கோழித் துண்டுகளைத் தூவ வேண்டும். மிதிபட்ட புல்லுக்கும் கிளறிய மண்ணுக்கும் தனி வாசனை உண்டு. மனித வாடையும் சேர்ந்திருக்கும். ‘இந்த வாசனை இருக்கும் இடத்தில்தான் தீனி’ என்று நாய் புரிந்துகொள்ளும். அடுத்து நேர்க்கோட்டில் நடந்து, ஒவ்வொரு காலடியிலும் ஒரு துண்டு. பிறகு இரண்டு அடிக்கு ஒன்று, ஐந்து அடிக்கு ஒன்று. அப்புறம் திருப்பம். கடைசியில் வழியில் கிடக்கும் பொருள். அதைக் கண்டால் நாய் அங்கேயே படுக்க வேண்டும். பத்து மீட்டர் கயிற்றின் மறுமுனையில் நாம் வாய் திறக்காமல் பின்னால் போக வேண்டும்.

முதல் நிலையில் 300 அடித் தடம், 20 நிமிடப் பழையது, போட்டவரே கூட வரலாம். மூன்றாம் நிலையில் 600 அடி, ஒரு மணி நேரப் பழையது, நடந்தவர் யாரோ ஒரு அந்நியர்.

மணியின் பிரச்சினை தலை. காவல் நாயாயிற்றே, எப்போதும் தலையைத் தூக்கி, காற்றில் வருவதை மோந்து பழகியவன். தடத்தில் மூக்கு மண்ணை விட்டு எழும்பக்கூடாது. இதை மாற்ற நான்கு மாதம் ஆனது. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். மறுநாள் காலையில் எழுந்திருக்கச் சிரமப்பட்டால் அந்த வாரம் பாடம் கிடையாது.

வயதில் லாபமும் உண்டு. சரக்கு ரயில் ஹாரன் அடித்தால் இளசுகள் துள்ளும். மணி காதைக்கூடத் திருப்பமாட்டான். ஆறு வருடம் லாரி நடுவில் இருந்தவன் இல்லையா?

உங்கள் வீட்டிலும் வயதான நாய் இருந்தால் போட்டியெல்லாம் வேண்டாம். மொட்டை மாடியில் நாலு இடத்தில் தீனியை ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். மூட்டுகளை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயலுக்குப் போய் வந்தால் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். நெருஞ்சி, சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பாதத்தையும் பாருங்கள்.

சென்ற மாதம் பெரியவரின் பழைய துண்டைக் கேட்டு வாங்கினேன். அவரையே வயலில் 300 அடி நடக்கவைத்து, இரண்டு திருப்பம் போட்டு, முடிவில் துண்டைப் போடச் சொன்னோம். இருபது நிமிடம் கழித்து மணியைவிட்டேன். முதல் திருப்பத்தில் வழி தவறி, நின்று, தானாகவே திரும்பி வந்து தடத்தைப் பிடித்தான். துண்டின் முன்னால் போய்ப் படுத்துக்கொண்டான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “நாளைக்கும் நடக்கணுமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.