ஆறடியா, பத்தடியா?

எங்க ஊர் ஜேடர்பாளையம். லீவு நாள்ல பைக்கை எடுத்துக்கிட்டு படுகை அணைல குளிச்சுட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுப் போவீங்களே, அதே ஊர்தான். ராஜா வாய்க்கால் காவிரியிலிருந்து பிரியுற இடம்.

என் மாமா அங்க பரிசல்ல போய் வலை போடுறவர். என் ஹாஸ்டல் ஃபீஸ்ல பாதி அந்த வலையிலதான் விழுது. போன வருஷம் அவரோட பழைய பரிசல்ல மூங்கில் விட்டுப்போச்சு. புதுசு வாங்கணும். ஆறடி விட்டமா, பத்தடி விட்டமா? பெருசுன்னா அக்கரைக்கு ஆளும் மூட்டையும் ஏத்தலாம்னு ஒரு யோசனை அவருக்கு.

"நீதான இஞ்சினியருக்குப் படிக்கற, சொல்லு மாப்ள"ன்னார்.

விடுவேனா? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்க. அடியைத் தட்டையான வட்டம்னு வெச்சுக்கிட்டா ஆறடிப் பரிசலோட பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ 26 கிலோ போதும். பத்தடிக்குப் பரப்பு 7.3, அதே ஒரு சென்டிமீட்டருக்கு 73 கிலோ வேணும். நிலைத்தன்மை இன்னும் மேல. மெட்டாசென்டர் கணக்குல வர்ற செகண்ட் மொமென்ட், விட்டத்தோட நாலாம் அடுக்கு. அதாவது 7.7 மடங்கு! பாதி பக்கம் எழுதி, அடியில கோடு போட்டு, "பத்தடியே வாங்குங்க மாமா"ன்னு நீட்டினேன்.

மாமா நோட்டைப் பொறுமையாப் பார்த்தார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"செரி மாப்ள, இதைய யாரு தூக்கறது?"

பரிசலைத் தண்ணியிலயே விட்டுட்டு வர முடியாதுங்க. ஒவ்வொரு நாளும் கரையேத்தி, கவிழ்த்துக் காய வைக்கணும். ஆத்துல தண்ணி குறைஞ்சா பாறைக்கும் பாறைக்கும் நடுவுல சுமந்துக்கிட்டே நடக்கணும். மேட்டூர்ல திறந்தா ஒரே ராத்திரில தண்ணி ஏறிடும். சட்டுனு மேட்டுக்கு இழுக்கணும். ஆறடின்னா ஒருத்தர் முதுகுல கவிழ்த்துக்கிட்டு நடந்துடலாம். பத்தடிக்குக் குறைஞ்சது மூணு பேர் வேணும்.

பிளஸ் டூ வரைக்கும் மாமாகூட மறுபக்கம் பிடிச்சவன் நான். இப்போ நான் இங்க, ஹாஸ்டல்ல. என் கணக்குல எல்லா எடையும் இருந்துச்சு, நான் அங்க இல்லைங்கறது மட்டும் இல்லை.

கோடிக்கணக்குல யாட் வாங்குறவங்களுக்கும் இதே கதைதானாம். சின்னதை ஓனரே ஓட்டிக்கலாம். பெருசானா சம்பளத்துக்கு ஆள் வேணும், நிறுத்த இடமும் பெருசா வேணும். காசு இருக்கிறவங்க ஆள் வெச்சுக்குவாங்க. எங்க மாமா ஆறடியே வாங்கினார்.

பொங்கல் லீவுக்குப் போனப்போ விடியக்காலைல அவர்கூட ஆத்துக்குப் போனேன். பரிசலைத் தூக்கக் கை நீட்டினேன். "நீ வலையை எடுத்துக்க கண்ணு"ன்னுட்டு, அவரே முதுகுல ஏத்திக்கிட்டு முன்னாடி நடந்தார். போன வருஷத்தைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் நடந்தார்.

அடுத்த செமஸ்டர்ல நீங்க டிசைன் ப்ராஜெக்ட் பண்ணுவீங்க. லோடு, ஸ்டெபிலிட்டி, காஸ்ட் எல்லாம் போடுங்க. கூடவே ஒரு வரி சேர்த்துக்கோங்க: யாரு தூக்கறது?