கடைசி பக்கத்தில் இருக்கும் வரி

ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில் அதைக் கடைசி பக்கம் வரை படிப்பவர்கள் குறைவு. வேலையை விட்ட பிறகு இத்தனை வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இந்தியாவில் அந்த வரிக்கு அநேகமாக உயிர் கிடையாது. சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது, 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு.

கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கைப் பாருங்கள். அவருடைய விளம்பர வாய்ப்புகளைக் கவனித்த நிறுவனத்துடன் போட்ட மூன்று வருட ஒப்பந்தம் 2003-ல் முடிந்தது. அதன் பிறகும் தனக்குத்தான் முதல் உரிமை என்றது நிறுவனம். ஒப்பந்தம் முடிந்த பின் இப்படிக் கட்டிப்போட முடியாது என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

அதற்காக எல்லாக் கட்டுப்பாடும் வெத்துவேட்டு இல்லை. ஐந்து வருடம் இருப்பதாக ஒப்புக்கொண்டு பாதியில் போட்டி நிறுவனத்துக்குப் போன ஒருவரை, மீதிக் காலத்துக்கு அதே கோர்ட் 1967-ல் தடுத்தது. கம்பெனி ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் தப்புதான். பாண்ட் இன்னொரு சமாச்சாரம். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025-ல் தீர்ப்பு வந்தது.

பிறகு ஏன் செல்லாத வரியை எழுதுகிறார்கள்? பயம் போதும் என்பதால்தான். ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே, முதல் வேலையில் இருக்கும் பையனோ பெண்ணோ அடுத்த நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். கோர்ட் வாசலை மிதிக்காமலே கம்பெனி ஜெயித்துவிடும்.

எனவே கையெழுத்துக்கு முன் எது பாண்ட், எது ரகசியம், எது வெறும் பூச்சாண்டி என்று பிரித்துப் படித்துவிடுங்கள்.